எழுபது வாரக் கணக்குக்கு முன்னால் ஒரு ஜெபம் இருக்கிறது

தானியேல் 9-ம் அதிகாரத்தை வைத்து நடக்கிற கடைசிக்கால வேதபாடங்கள் பெரும்பாலும் 24-ம் வசனத்தில்தான் ஆரம்பிக்கின்றன. எழுபது வாரங்கள், ஒரு வாரம் என்றால் ஏழு வருஷம், ஆகமொத்தம் 490 வருஷம், 69 வாரம் முடிந்துவிட்டது, ஒன்று பாக்கி. பலகையில் ஒரு நீளக் கோடு, அதன் நடுவில் சிலுவை, வலது ஓரத்தில் மகா உபத்திரவம். எல்லாரும் மும்முரமாகக் குறிப்பு எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் இருக்கிற 23 வசனங்களை வாசிக்கக்கூட நேரம் ஒதுக்குவதில்லை. எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு.

அந்த 23 வசனங்களில் என்ன நடக்கிறது? பாபிலோன் விழுந்து, தரியு அரசாளத் தொடங்கிய முதல் வருஷம். தானியேலின் கையில் எரேமியாவின் எழுத்துகள் இருக்கின்றன. எருசலேமின் பாழான காலம் எழுபது வருஷம் என்று அதில் வாசிக்கிறார். இளவயதில் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவர், இப்போது கிழவர். கணக்குப் போட்டால் காலம் கிட்டத்தட்ட முடிகிறது. அதாவது, வேதாகமத்துக்குள்ளேயே ஒருவர் தீர்க்கதரிசனத்தை ஆராய்ச்சி செய்கிற காட்சி இது. கணக்கு கைக்கு வந்ததும் அவர் செய்தது என்ன? யாரையும் கூப்பிட்டுத் தேதி சொல்லவில்லை. உபவாசம் இருந்து, இரட்டு உடுத்து, சாம்பலில் உட்கார்ந்து ஜெபிக்கிறார். ஜெபம் முழுக்க பாவ அறிக்கை. அதுவும் 'அவர்கள் பாவஞ்செய்தார்கள்' என்று முன்னோர்மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கவில்லை. 'நாங்கள்' என்றே சொல்லிக்கொண்டு போகிறார். 18-ம் வசனத்தில் வருகிற வார்த்தைகளைப் பாருங்கள்: "நாங்கள் எங்கள் நீதிகளை அல்ல, உம்முடைய மிகுந்த இரக்கங்களையே நம்பி, எங்கள் விண்ணப்பங்களை உமக்கு முன்பாகச் செலுத்துகிறோம்." பவுல் ரோமருக்கு எழுதப்போகிற நிருபத்தின் சாரம் முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தேவதூதனாகிய காபிரியேல் வந்து தன்னைத் தொட்ட நேரத்தைத் தானியேல் 'அந்திப்பலியின் நேரம்' என்று குறிக்கிறார். எந்த அந்திப்பலி? ஆலயம் இடிந்து சுமார் ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. பலிபீடமும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை. ஆனாலும் அந்த மனிதரின் நாள் இன்னும் பலியின் நேரத்தை வைத்தே ஓடுகிறது. அவருடைய மனசு எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்புறம்தான் 24-ம் வசனம் வருகிறது. எழுபது வாரங்கள் எதற்காகக் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று அந்த வசனமே சொல்கிறது: மீறுதலைத் தவிர்க்கிறதற்கு, பாவங்களைத் தொலைக்கிறதற்கு, அக்கிரமத்தை நிவிர்த்திபண்ணுகிறதற்கு, நித்திய நீதியை வருவிக்கிறதற்கு. தரிசனத்தை முத்திரிக்கிறதும் அபிஷேகம்பண்ணுகிறதும் இதற்கப்புறம்தான் வருகின்றன. தானியேல் பாவத்தைப் பற்றிக் கதறினார், தேவன் பாவத்துக்கான தீர்வைப் பற்றிப் பதில் சொன்னார். உலகத்திலேயே அதிகமாகக் கோடு போட்டு விளக்கப்படுகிற அந்தத் தீர்க்கதரிசனம் ஒரு பாவியின் ஜெபத்துக்குக் கிடைத்த பதில். ஜெபத்தைப் பிய்த்தெடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் எண்.

நான் சொல்ல வருவது இதுதான். கடைசிக்காலமும் இரட்சிப்பும் இரண்டு தனித்தனிப் பாடங்கள் என்று நம் சபைகளில் பழக்கப்படுத்திவிட்டார்கள். இரட்சிப்பு ஆரம்பப் பாடமாம், தீர்க்கதரிசனம் முதிர்ந்தவர்களுக்கான ஆழமான பாடமாம். வேதம் எங்கேயும் அப்படிப் பிரிக்கவில்லை. பிரித்ததால்தான் இத்தனை சேதம்.

சேதம் என்று சும்மா சொல்லவில்லை. யோகான் ஆல்பிரெக்ட் பெங்கல் என்ற ஜெர்மானியர் 18-ம் நூற்றாண்டின் மாபெரும் வேத அறிஞர்களில் ஒருவர். 1734-ல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைக் கைப்பிரதிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர். பக்தியிலும் யாரும் குறை சொல்ல முடியாது. அவரே வெளிப்படுத்தின விசேஷத்தின் எண்களைக் கூட்டிக் கழித்து 1836-ஐக் குறித்துவைத்தார். 1836 வந்தது, போனது. அவர் அதற்கு வெகுகாலம் முன்பே இறந்துவிட்டார். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் ஒரு விவசாயி. தானியேல் 8:14-ல் வருகிற 2,300 நாட்களை வருஷங்களாக்கி, கிமு 457-லிருந்து எண்ணினார். அவருடைய இயக்கம் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் நம்பினார்கள், சிலர் அறுவடையைக்கூட வயலில் விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். மறுநாள் பொழுது விடிந்தபோது அவர்கள் அழுத அழுகையைச் சரித்திரம் 'மாபெரும் ஏமாற்றம்' என்றே பெயரிட்டுக் குறித்திருக்கிறது. நம் காலத்திலேயே அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்டு கேம்பிங், வருகையின் நாள் 2011 மே 21 என்றார். அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்றார். அடுத்த வருஷம் அவரே, அந்த நாளை ஒருவனும் அறியான் என்ற வசனத்தைச் சுட்டிக்காட்டியவர்கள்தான் சரி என்றும், தேதி குறித்தது பாவம் என்றும் வெளிப்படையாக எழுதினார். அப்படி எழுதியதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அவரை நம்பி வேலையை விட்டவர்களும் சேமிப்பைக் கரைத்தவர்களும் அதற்குள் எல்லாவற்றையும் இழந்திருந்தார்கள்.

இந்த மூவரும் மோசக்காரர்கள் இல்லை. வேதத்தை நேசித்தவர்கள். அதனால்தான் இது பயப்படவேண்டிய விஷயம். படிப்போ பக்தியோ ஒருவரை இதிலிருந்து காப்பாற்றவில்லை. "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" என்பது எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த வசனம். தெரிந்திருந்தும் 'நாளும் நாழிகையும்தானே தெரியாது, வருஷம் தெரியலாமே' என்று சந்து கண்டுபிடிக்கிறோம்.

அடுத்தது 666, வெளிப்படுத்தின விசேஷம் 13-ம் அதிகாரம் சொல்கிற மிருகத்தின் எண். முத்திரை என்றாலே நமக்கு நினைவு வருவது மிருகத்தின் முத்திரை மட்டும்தான். பார்கோடு வந்தபோது அதுதான் முத்திரை என்றார்கள். அப்புறம் அடையாள அட்டை, சிப், தடுப்பூசி. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் லியோன் நகரத்து ஐரேனியஸ் இந்த எண்ணைப் பற்றி எழுதும்போது, அதற்குப் பொருந்தக்கூடிய சில பெயர்களைச் சொல்லிவிட்டு, இவற்றில் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன், நிறைவேறும்வரை காத்திருப்பதே பத்திரம் என்று நிறுத்திக்கொண்டார். யோவானை நேரில் அறிந்த பொலிகார்ப்பிடம் கேட்டு வளர்ந்தவர் அவர். அவருக்கே இல்லாத துணிச்சல் நமக்கு எங்கிருந்து வருகிறது?

சரி, அந்த 13-ம் அதிகாரம் முடிகிற இடத்தில் பக்கத்தைத் திருப்புங்கள். 14-ம் அதிகாரத்தின் முதல் வசனம்: சீயோன் மலையின்மேல் ஆட்டுக்குட்டியானவர் நிற்கிறார், அவரோடேகூட, 'அவருடைய பிதாவின் நாமம் தங்கள் நெற்றிகளில் எழுதப்பட்டிருந்த' ஜனங்கள் நிற்கிறார்கள். ஒரு நெற்றியில் மிருகத்தின் பெயர், மறு நெற்றியில் பிதாவின் பெயர். யோவான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். அதிகாரப் பிரிவுகள் 13-ம் நூற்றாண்டில் வந்தவை. நடுவில் அந்தக் கோடு விழுந்ததும், நாம் அதற்கு முன்னால் நிறுத்திக்கொண்டு பயந்துபோய் வீட்டுக்குப் போகிறோம். 7-ம் அதிகாரத்திலும் இப்படித்தான். பூமிக்குச் சேதம் வருமுன்னே தேவனுடைய ஊழியக்காரரின் நெற்றிகளில் முத்திரை போடப்படுகிறது. மிருகம் தன் முத்திரையோடு வருவதற்கு ஆறு அதிகாரம் முன்னாலேயே தேவன் தம்முடையவர்களை முத்திரித்துவிட்டார். கடைசிக்காலப் பிரசங்கம் கேட்டுத் தூக்கம் கெட்ட ஒருவரிடம் இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா?

வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏறக்குறைய 400 வசனங்கள். வரிக்கு வரி பழைய ஏற்பாடு ஒலிக்கிறது: எசேக்கியேல், சகரியா, ஏசாயா, தானியேல், யாத்திராகமம். செய்தித்தாளைத் திறப்பதற்கு முன் இவற்றைத் திறந்தால் பாதி மர்மம் விலகிவிடும். தண்ணீர் இரத்தமாகிறது, தவளைகள் வருகின்றன, கொப்புளம், கல்மழை, வெட்டுக்கிளி, இருள். எல்லாம் எகிப்தின் வாதைகள். அப்படியென்றால் யோவான் சொல்வது எந்தக் கதை? அடிமைகளைத் தேவன் விடுவித்துக் கூட்டிக்கொண்டு போன கதை. அதனால்தான் 15-ம் அதிகாரத்தில் ஜெயங்கொண்டவர்கள் கண்ணாடிக் கடலருகே நின்று மோசேயின் பாட்டையும் ஆட்டுக்குட்டியானவரின் பாட்டையும் பாடுகிறார்கள். வாதைகளை மட்டும் எண்ணிவிட்டுப் பாட்டை விட்டுவிடுகிறவர் யாத்திராகமத்தைப் பத்தாம் வாதையோடு மூடிவைத்தவர்.

பயத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசவேண்டும். கர்த்தர் திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போவார் என்பதைத்தான் இரகசிய வருகை என்கிறார்கள். 'இன்று இரவே இரகசிய வருகை வந்தால் நீ கைவிடப்படுவாயா?' என்று கேட்டுக் கேட்டு வளர்க்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! வீட்டில் யாரையும் காணவில்லை என்றால், எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்கள் என்று நடுங்கியதாகப் பெரியவர்களான பிறகு சொல்கிறவர்கள் உண்டு. ஒவ்வொரு கூட்டத்திலும் மறுபடி மறுபடி இரட்சிப்புக்காகக் கை உயர்த்துகிறார்கள். போன தடவை உயர்த்தியது போதுமா என்று அவர்களுக்கு நிச்சயமில்லை. இதை எழுப்புதல் என்று கணக்கெழுதுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அந்தப் போதனைக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிற பகுதியையே எடுத்துக்கொள்வோம், 1 தெசலோனிக்கேயர் 4. அது யாருக்கு எழுதப்பட்டது? தங்கள் அன்பானவர்களைப் புதைத்துவிட்டு, கர்த்தர் வரும்போது இவர்கள் விடுபட்டுப்போவார்களோ என்று கலங்கினவர்களுக்கு. எக்காளமும் மேகமும் எல்லாம் சொல்லி முடித்துப் பவுல் எழுதுகிற கடைசி வரி: "ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." தேற்றுவதற்காகக் கொடுக்கப்பட்ட வார்த்தைகளை மிரட்டுவதற்கு எடுத்துக்கொண்டோம்.

நியாயத்தீர்ப்பு இல்லை என்று நான் சொல்வதாக யாரும் நினைக்கவேண்டாம். இருக்கிறது. வெள்ளைச் சிங்காசனம் இருக்கிறது, புஸ்தகங்கள் திறக்கப்படுகின்றன. அந்த இடத்தையும் நிதானமாக வாசித்தால், இரண்டு வகைப் புஸ்தகங்கள் திறக்கப்படுகின்றன. ஒருவகையில் அவரவர் கிரியைகள். இன்னொன்று ஜீவபுஸ்தகம். கிரியைகள் வாசிக்கப்படுகின்றன, ஆனால் கடைசியில் கேட்கப்படுவது ஜீவபுஸ்தகத்தில் பேர் இருக்கிறதா என்பதுதான். அந்தப் புஸ்தகத்தை 21-ம் அதிகாரம் ஆட்டுக்குட்டியானவருடையது என்கிறது. கிரியைகள் முக்கியமில்லை என்று அர்த்தமா? இல்லை. மத்தேயு 24-ல் அடையாளங்களைச் சொன்ன இயேசு 25-ல் போய் நிற்கிற இடம் பசியுள்ளவன், தாகமுள்ளவன், வியாதியஸ்தன், காவலில் இருக்கிறவன். அங்கே நீதிமான்கள் கேட்கிற கேள்வி என் மனதைவிட்டுப் போவதில்லை: 'ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?' அவர்களுக்கே தெரியவில்லை. கணக்கு வைத்துக்கொண்டு செய்யவில்லை. இரட்சிக்கப்பட்டவர்களின் நன்மை இப்படித்தான் இருக்கும்.

வருகை உபத்திரவத்துக்கு முன்னா, பின்னா? ஆயிரவருட அரசாட்சி அப்படியே ஆயிரம் வருஷமா, சபையின் காலமா? எனக்கும் ஒரு கருத்து உண்டு, அதை இங்கே வாதிக்கப்போவதில்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் இரத்தசாட்சி ஜஸ்டின், ஆயிரவருட அரசாட்சியைத் தாம் நம்புவதாக எழுதிவிட்டு, சுத்தமான விசுவாசமுள்ள மெய்க் கிறிஸ்தவர்களிலேயே பலர் வேறுவிதமாக எண்ணுகிறார்கள் என்றும் அதே இடத்தில் ஒப்புக்கொள்கிறார். ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டின் முதலில் ஒரு கருத்தும் பிறகு வேறொரு கருத்தும் கொண்டிருந்தார். ஏழு வருஷ உபத்திரவத்துக்கு முன்பே சபை எடுக்கப்படும் என்ற முறை, 1830-களில் ஜான் நெல்சன் டார்பியின் போதனையிலும், 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்புரை வேதாகமத்திலும்தான் பரவலானது. புதிது என்பதாலேயே அது தவறாகிவிடாது. ஆனால் அதை ஏற்காதவருக்கு இரட்சிப்பே சந்தேகம் என்று பேசுகிறவர்கள் அகஸ்டினை எங்கே நிறுத்துவார்கள்? இரட்சிப்பு கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு என்றால் அவ்வளவுதான். அதோடு ஒரு அட்டவணையையும் சேர்த்துக்கொள்ள யாருக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை.

கடைசியாக யோவேல் 2. சூரியன் இருளாகவும் சந்திரன் இரத்தமாகவும் மாறும் என்கிற அதே பகுதி. ஒவ்வொரு சந்திர கிரகணத்துக்கும் இந்த வசனம் சுற்றிச்சுற்றி வருகிறது. சுற்றி வருகிறவற்றில் அடுத்த வசனம் மட்டும் இருப்பதில்லை: 'அப்பொழுது கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிறவன் எவனோ அவன் இரட்சிக்கப்படுவான்.' பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு இதை எடுத்து, சூரியனையும் சந்திரனையும் சொல்லி, இந்த வசனத்தில் வந்து நிறுத்தி, உடனே இயேசுவின் சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் பேசத் தொடங்குகிறார். பவுல் ரோமர் 10-ல் யூதனுக்கும் கிரேக்கனுக்கும் வித்தியாசமில்லை என்று காட்ட இதே வசனத்தைத்தான் எடுக்கிறார். சுவிசேஷம் சொல்லும்போது நாம் எல்லாரும் வாய்நிறையச் சொல்கிற இந்த இரட்சிப்பின் வாக்குத்தத்தம் கர்த்தருடைய நாளைப் பற்றிய தீர்க்கதரிசனத்தின் நடுவிலிருந்து வந்தது.

கடைசிக்காலப் பாடம் எடுக்கிற ஊழியர்களையும் வேதபாடத் தலைவர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்தமுறை அட்டவணையை மாட்டுவதற்கு முன் அப்போஸ்தலர் 2-ஐ முழுவதும் வாசிக்க வையுங்கள். பேதுருவின் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் 'இது எந்த வருஷம் நடக்கும்?' என்று கேட்கவில்லை. இருதயத்திலே குத்தப்பட்டு, 'சகோதரரே, நாங்கள் என்னசெய்யவேண்டும்?' என்றுதான் கேட்டார்கள். உங்கள் வகுப்பு முடியும்போது கேட்கிறவர்கள் என்ன கேள்வியோடு எழுந்து போகிறார்கள் என்று கவனியுங்கள்.