கலரை நீங்கள் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் ஓட்டப்போகிறவர் பாடு

வீட்டில் ஒருவர் தினமும் வேலைக்குப் போய்வர ஒரு சின்ன எஸ்யூவி எடுக்கலாம் என்று பேச்சு வந்தால், பெரும்பாலும் ஓட்டப்போகிறவர் ஒருவர், தேடிப் படிப்பவர் வேறொருவர். படிப்பவர் இருபது வீடியோ பார்த்து, குதிரைத்திறன், சன்ரூஃப், 18 அங்குல வீல் என்று பட்டியல் போட்டுவிட்டு, கடைசியில் "கலர் மட்டும் நீ சொல்லு" என்று வந்து நிற்பார். காலையிலும் மாலையிலும் நெரிசலில் உட்கார்ந்திருக்கப் போகிறவருக்கு அந்தப் பட்டியலில் முக்கால்வாசி எதற்கும் உதவாது. கணவர் மனைவிக்கு எடுத்தாலும் சரி, மனைவி கணவருக்கு எடுத்தாலும் சரி, இதுதான் நடக்கிறது. என்னைக் கேட்டால் தலைகீழாகச் செய்யலாம். கலரை படித்தவர் வைத்துக்கொள்ளட்டும். மீதியை ஓட்டப்போகிறவரின் உடம்பும் அவர் போகும் வழியும் முடிவு செய்யட்டும்.

ஷோரூமுக்குப் போனதும் பானெட்டைத் திறக்கச் சொல்லாதீர்கள். ஓட்டப்போகிறவர் வேலைக்குப் போடும் அதே செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்காரட்டும். பிரேக்கை அடிவரை அழுத்தும்போது முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் நீட்டி நிமிர்ந்துவிடக் கூடாது. கையால் கியர் மாற்றும் வண்டி என்றால் க்ளட்ச்சை அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு முதுகைச் சாய்மானத்தில் ஒட்டிக்கொண்டு கையை நீட்டினால், தோள் சீட்டை விட்டு எழும்பாமலே மணிக்கட்டு ஸ்டீயரிங் வளையத்தின் உச்சியில் படிய வேண்டும். இப்போது டேப்பை எடுத்து, நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும். ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிகிறது. அது முழுசாக விரிந்து முடிவதற்குள் நெஞ்சு அதில் போய் மோதினால், காப்பாற்ற வேண்டிய பொருளே அடிக்கும்.

குள்ளமானவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். பெடல் எட்டுவதற்காக சீட்டை முன்னால் இழுப்பார்கள். அதோடு ஸ்டீயரிங்கும் நெஞ்சுக்கு நெருங்கிவிடும். இதற்கு ஒழுங்கான தீர்வு, மேலே கீழே மட்டுமல்லாமல் முன்னும் பின்னும் நகரும் ஸ்டீயரிங். ஒரே மாடலில் விலை குறைந்த வேரியன்ட்டில் இது இல்லாமல் போவதுண்டு. அதனால் மாடல் பெயரை மட்டும் வைத்துத் தீர்மானிக்காமல், வாங்கப்போகும் அதே வேரியன்ட்டில் உட்கார்ந்து பாருங்கள். சன்ரூஃபுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

சீட்டை உயர்த்தும் லீவர் இருப்பது மட்டும் போதாது. சில வண்டிகளில் சீட் முழுசாக எழும்பும். சிலவற்றில் பின்பக்கம் மட்டும் எழும்பி, ஆளை முன்னால் சரிய விடும். உயர்த்திய பிறகு குதிகால் தரையில் படிகிறதா, நடுக் கண்ணாடி முன்பார்வையை மறைக்கிறதா என்று பாருங்கள். தொடைப் பகுதி நீளமான சீட் உயரமானவருக்குச் சுகம். கால் குட்டையானவருக்கு அது முட்டியின் பின்புறம் அழுத்தும். அவர் முன்னால் நகர்ந்து உட்காருவார், இடுப்புக்கு ஆதாரம் போய்விடும். முட்டிக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சரி. சீட் பெல்ட் தோளின் நடுவில் படிய வேண்டும். கழுத்தை உரசினால், பெல்ட் தொங்கும் இடத்தை ஏற்றி இறக்க வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத வண்டியில் மூன்றாவது நாளே பெல்ட்டைக் கைக்கு அடியில் தள்ளிவிடத் தோன்றும். விபத்தில் அப்படிப் போட்ட பெல்ட் விலா எலும்பை நொறுக்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டு இருபது நிமிடம் அதே சீட்டில் சும்மா உட்கார வையுங்கள். விற்பனையாளர் கடுப்பாவார், பரவாயில்லை.

"எஸ்யூவியில் உயரமாக உட்காரலாம், எல்லாம் தெரியும்" என்பது பாதி உண்மை. தூரத்தில் போகிற வண்டிகள் நன்றாகத் தெரியும். மூக்குக்குக் கீழே இருப்பது தெரியாது. பானெட் உயரமாக, தட்டையாக இருந்தால் பம்பரை ஒட்டி நிற்கும் சின்னக் குழந்தை முழுசாக மறைந்துவிடும். சோதிப்பது எளிது. முட்டி உயரத்துக்கு ஒரு பொருளை பம்பருக்கு முன்னால் வைத்து, டிரைவர் கண்ணுக்குத் தெரிகிறவரை தள்ளிக்கொண்டே போங்கள். எத்தனை அடியில் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னாலும் இதையே செய்யுங்கள். மூன்று வண்டிகளை இப்படி அளந்தாலே வித்தியாசம் முகத்தில் அறையும். முன்கண்ணாடியின் இரண்டு ஓரத்துத் தூண்களையும் விடாதீர்கள். கூரையின் பலத்துக்காக அவை தடித்துப் போயிருக்கின்றன. திரும்பும்போது ஒரு பைக்கோ, சாலையைக் கடப்பவரோ அந்தத் தூணுக்குப் பின்னால் அப்படியே ஒளிந்துகொள்ள முடியும். தூணும் பக்கவாட்டுக் கண்ணாடியும் ஒட்டி ஒரே சுவராக இருக்கும் வண்டியைவிட, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கண்ணாடியைக் கதவில் பொருத்திய வண்டி நல்லது. பின் கேமராவை வெளிச்சத்தில் பார்த்து மயங்க வேண்டாம். இருட்டிலும் லென்ஸில் தண்ணீர் துளி இருக்கும்போதும் எப்படித் தெரிகிறது என்பதுதான் கணக்கு.

அடுத்து வழி. ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்: ஒரு பக்கம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், அதில் சராசரி வேகம் என்ன. 12 கி.மீ. தூரத்தை 45 நிமிடத்தில் கடப்பவருக்குச் சராசரி வேகம் 16 கி.மீ. மட்டுமே. 40 கி.மீ. தூரத்தை அதே 45 நிமிடத்தில் கடப்பவருக்கு 53 கி.மீ. இந்த இருவருக்கும் ஒரே வண்டி பொருந்தவே பொருந்தாது.

முதல் ஆளுக்கு டீசல் எடுத்துக் கொடுக்காதீர்கள். இன்றைய டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை அது அவ்வப்போது தானே எரிக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், அதுவும் சில நிமிடங்கள் தொடர்ந்து. நல்ல வேகத்தில் கால் மணி நேரம் ஓடினால் வேலை முடிந்துவிடும். ஊர்ந்து போய் நிறுத்துகிற வண்டியில் எரிப்பு தொடங்கும், பாதியில் சாவியைத் திருப்பி அணைப்பார்கள், மறுநாள் மறுபடியும் தொடங்கும். சூடேற்றுவதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். ஆயில் நீர்த்துப்போகும், அளவு ஏறும். ஆயில் குறைந்தால் பதறுகிறவர்கள் ஏறினால் சந்தோஷப்படுகிறார்கள். டீசல் வண்டியில் அது கெட்ட சகுனம்.

சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கும் குறுகிய ஓட்டம் பிடிக்காது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்றால் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் போகிறது. உள்ளிழுக்கும் வால்வைக் கழுவிவிட ஆளில்லை, அதனால் அதன் முதுகில் கரி படியும். காலை நேர நடுக்கம், மந்தமான பிக்கப் என்று பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத் தெரியவரும். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜினை 'சப்பை' என்று ஒதுக்குகிறார்கள். 16 கி.மீ. சராசரி வேகத்தில் யாருக்கு எதற்கு பிக்கப்?

இந்த ஓட்டத்துக்கு முழு ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு வண்டியைத் தனியாகவே நகர்த்தக்கூடிய மின்மோட்டாரும் உள்ள வண்டி, அருமையாகப் பொருந்தும். நெரிசலில் இன்ஜின் அணைந்திருந்தாலும் ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடும். பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸரோடு வெறும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள வண்டிகளில், சிக்னலில் இன்ஜின் நின்றதும் குளிர்ச்சியும் நின்றுபோகும்; ஓட்டுகிறவர் அந்தப் பட்டனைத் தினமும் அணைத்துவிட்டுத்தான் கிளம்புவார். ஹைபிரிட்டில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின் சீட்டின் ஓரத்தில் உள்ள துவாரம் வழியே போகிறது. அங்கே பையை அடைத்து வைத்தாலோ, அதன் ஃபில்டரில் தூசியும் நாய்முடியும் சேர்ந்தாலோ பேட்டரி சூடாகி ஆயுள் குறையும்.

மின்சார வண்டி என்றால் கேள்வி ஒன்றே ஒன்று: இரவில் நிறுத்தும் இடத்தில் பிளக் உண்டா? சின்ன மின்சார எஸ்யூவி 100 கி.மீ.க்கு ஏறத்தாழ 15 யூனிட் குடிக்கும். தினம் 60 கி.மீ. என்றால் 9 யூனிட்; 3.3 கிலோவாட் சார்ஜரில் மூன்று மணி நேரம். வீட்டில் இது முடியும் என்றால் எடுக்கலாம். முடியாது, வழியில் வேகச் சார்ஜரில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வேண்டாம். களைத்து வீடு திரும்புகிறவரை வாரம் இரண்டு நாள் வரிசையில் நிற்க வைப்பதற்கா வண்டி?

கியர்பாக்ஸில் ஊர்ந்து போவதுதான் பரீட்சை. டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் அலட்டிக்கொள்ளாது, ஏனென்றால் ஊரும்போது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வேலை செய்வது எண்ணெய்; க்ளட்ச் தகடு உரசித் தேய வேண்டியதில்லை. படிப்படியான கியர் இல்லாமல் தொடர்ச்சியாக மாறிக்கொண்டே போகும் சிவிடியும் மென்மையாக இருக்கும். ஆனால் அதன் ஆயிலை 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். நெரிசல் ஓட்டத்துக்கு 60,000 கி.மீ. வாக்கில் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். உலர் க்ளட்ச் வைத்த டிசிடி, அதாவது இரட்டை க்ளட்ச் ஆட்டோமேட்டிக், நெடுஞ்சாலையில் ராஜா. மேட்டில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் க்ளட்ச் அரைகுறையாகப் பிடித்து உரசி, சூட்டு எச்சரிக்கை வரும். ஏஎம்டி என்பது கையால் மாற்றும் கியர்பாக்ஸில் இயந்திரக் கை ஒன்றை வைத்ததுதான். கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடும். பழகிவிடும் என்பார்கள். தினம் இருநூறு முறை தலையாட்டப் போவது அவர்கள் இல்லையே.

வண்டியின் அகலம் என்று அச்சிட்டிருப்பதில் பெரும்பாலும் பக்கக் கண்ணாடிகள் சேராது. 1.78 மீட்டர் என்றால் கண்ணாடியோடு 2 மீட்டரைத் தாண்டும். வீட்டிலும் வேலையிடத்திலும் நிறுத்தும் இடத்தை டேப்பால் அளந்து, கதவைத் திறந்து இறங்க 60 செ.மீ. மிச்சம் வருகிறதா என்று பாருங்கள். திரும்பும் அளவில் ஒரு தந்திரம் உண்டு: ஒருவர் 5.2 மீட்டர் என்று ஆரத்தைச் சொல்வார், இன்னொருவர் 10.4 மீட்டர் என்று விட்டத்தைச் சொல்வார். இரண்டும் ஒன்றே. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியான கிரவுண்ட் கிளியரன்ஸையும் ஆள் ஏறாத வண்டியில் அளந்து சொல்பவர்கள் உண்டு.

வீல் சின்னதாக இருக்கட்டும். 215/60 ஆர்16 டயரின் பக்கச்சுவர் உயரம் 129 மி.மீ. 215/50 ஆர்18 என்றால் 107 மி.மீ.தான். அந்த 22 மி.மீ. ரப்பர்தான் பள்ளத்தில் ரிம்மைக் காப்பாற்றுகிறது. 18 அங்குலம் போட்டோவில் அழகு. குழியில் இறங்கினால் பக்கச்சுவர் புடைத்து, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நான்கு சக்கர இயக்கம் தினசரி வேலைக்குப் போய்வர வேண்டாம். அது கிளம்ப உதவும், நிற்க உதவாது. கூடுதல் எடை, கூடுதல் ஆயில், ஒரு டயர் போனால் நான்கையும் ஒரே தேய்மானத்தில் வைத்திருக்க வேண்டிய தலைவலி என்று போகும்.

வசதிகளில் என் வரிசை: வண்டி சறுக்கும்போது தானே பிரேக் கொடுத்து நேராக்கும் இஎஸ்சி, ஜன்னல் பக்கம் திரைபோல விரியும் ஏர்பேக்குகள், ஆட்டோ ஹோல்ட், ஏசிக்குக் கையால் திருகும் நிஜமான குமிழ்கள். இதற்குப் பிறகுதான் டச் ஸ்கிரீன் எத்தனை அங்குலம் என்ற பேச்சு. ஆட்டோ ஹோல்டைப் பலரும் மதிப்பதில்லை. பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்திவிட்டால், காலை எடுத்த பிறகும் அது நகராமல் நிற்கும். நெரிசலில் கணுக்காலுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. பெரிய சன்ரூஃபின் நான்கு மூலையிலும் தண்ணீர் வடியக் குழாய்கள் உண்டு. இலைச்சருகு அடைத்தால் தண்ணீர் கால்மிதியில் தேங்கும். கம்பளத்துக்கு அடியில் ஓடும் வயர்களும் நாசமாகும்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர் காட்டும் காலிச் சாலையில் முடிக்காதீர்கள். ஓட்டப்போகிறவரே, வேலைக்குப் போகும் அதே நேரத்தில், முடிந்தால் அதே வழியில் ஓட்டட்டும். மேட்டில் நிறுத்திக் கிளம்பட்டும், யு டர்ன் போடட்டும், நெருக்கமான இடத்தில் ரிவர்ஸ் எடுக்கட்டும். நீங்கள் பின் சீட்டில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு வாருங்கள்.

பழைய வண்டி என்றால் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் அதுவே ஒரு பதில். ஊர்ந்து கிளம்பும்போது அதிர்வு வந்தால் சிவிடியோ டிசிடியோ வேலை வைக்கப் போகிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மண் கறை இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

வண்டி வந்த அன்றே இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, ரிமோட்டை ஒருமுறை அழுத்தினால் டிரைவர் கதவு மட்டும் திறக்கும்படி அமைப்பை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இருட்டில் தனியாக வண்டிக்கு நடந்துபோகிறவருக்கு அது முக்கியம். இரண்டாவது, டிக்கியில் மாற்றுச் சக்கரம் இருக்கிறதா, வெறும் பஞ்சர் திரவம்தானா என்று பாருங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவம் எதற்கும் ஆகாது. சக்கரம் இருந்தால், ஓட்டப்போகிறவர் ஒரு நட்டையாவது தன் கையால் கழற்றிப் பார்க்கட்டும். 110 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கிய நட்டுக்கு, 25 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 45 கிலோ பாரம் கொடுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியிருந்தால் அதற்கும் மேலே. அவரால் அசைக்க முடியவில்லை என்றால் நீளக் கைப்பிடி உள்ள ஸ்பேனர் ஒன்றை வாங்கி அன்றைக்கே டிக்கியில் போடுங்கள்.