தாத்தா, நான் ஸ்டார்ட் பண்ணித் தரவா?

எனக்கு வயது 62. புல்லட்டை வெளியே எடுத்தால் போதும், தெருவே டாக்டராகிவிடுகிறது. "இந்த வயசுல எதுக்கு சார், முதுகு என்னாகும்?" முதுகு என்னுடையது, சாமி!

நேற்று பெட்ரோல் பங்கில் ஒரு பையன், "தள்ளுங்க தாத்தா, நான் ஸ்டார்ட் பண்ணித் தர்றேன்" என்றான். என் வண்டி பழசு; கியர் வலது காலில், பிரேக் இடது காலில். என்ஜின் அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, மின்னோட்டம் காட்டும் ஆம்ப் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் உதைக்க வேண்டும். அவன் எடுத்த எடுப்பிலேயே உதைத்தான். கிக்கர் திருப்பி அடித்தது. பாவம், காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான். நான் உதைத்தேன்; ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன மாதம் இதில்தான் ஏறினேன். சரி, யாரிடம் சொல்ல? வீட்டுக்கு வந்தால் மருமகள், "மாமா, ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கலாமே?"