கேசட் சிக்கினால் பென்சில் போதும்

பாட்டு ஆப் திடீரென்று "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது" என்கிறது. என்ன தவறு? அதைச் சொல்லாது. மூடித் திற, பாஸ்வேர்டு போடு, அப்டேட் பண்ணு. தலையெழுத்து!

கேசட் படுத்தினாலும் காரணம் கண்ணுக்குத் தெரியும். குரல் இழுத்து இழுத்து வந்தால் ரப்பர் உருளையில் அழுக்கு, இல்லையென்றால் பெல்ட் தளர்ச்சி. ஓசை மங்கினால், நாடாவை உரசிப் பாட்டைப் படிக்கும் ஹெட்டில் பழுப்புத் துகள் படிந்திருக்கும். பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் போட வேண்டியதுதான். நாடா சிக்கினால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது, நீண்டுவிடும். மெல்ல விடுவித்து, முறுக்கு நீக்கி, ஆறுபட்டைப் பென்சிலைப் பல் வைத்த ஓட்டையில் நுழைத்துச் சுற்றினால் தீர்ந்தது. அறுபது நிமிடம் ஓடும் சி-60 நாடாவின் தடிமன் சுமார் 18 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). நூற்றிருபது நிமிட சி-120-க்குச் சுமார் 9தான், சிக்குவதற்கென்றே பிறந்தது அது. இரைச்சலும் இருந்தது, யார் இல்லை என்றார்கள்?

பதிந்த பாட்டு அழியக் கூடாதென்றால் பின்விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் போதும். மறுபடி பதிய, அந்த ஓட்டைமேல் செல்லோடேப். இப்போதோ உரிமம் முடிந்தால் பட்டியலிலிருந்து பாட்டே காணாமல் போகிறது. அதுவும் மாதாமாதம் காசு கட்டிக்கொண்டிருக்கும்போதே!