மூலையில் வெட்டிய ஒரு வரி

வியாழக்கிழமை வெபினாரில் வளர்ச்சித் துறை நிபுணர் ஒருவர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை, அதாவது விக்கிபீடியா போல யார் வேண்டுமானாலும் சேர்ந்து வரையும் இலவச உலக வரைபடத்தை, மட்டம்தட்டிப் பேசிய விஷயம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். ஸ்கிரீன்ஷாட் எனக்கு வந்து குவிந்துவிட்டது, இனி யாரும் அனுப்ப வேண்டாம். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

"ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எல்லாம் ஆர்வலர்களின் பொழுதுபோக்கு, சீரியஸான வளர்ச்சிப் பணிக்கு அதை நம்ப முடியாது" என்றார் அந்த நிபுணர். சரி, அவர் கருத்து. ஆனால் அடுத்த சில ஸ்லைடுகளிலேயே தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரத்தின் வெள்ள அபாய வரைபடம் என்று ஒன்றைக் காட்டினாரே, அதில் இருந்த தெரு, வீடு, வடிகால் அத்தனையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பைசா தர வேண்டாம். எங்கிருந்து எடுத்தாய் என்று ஒரு வரி போடு, அந்தத் தரவைத் திருத்தி வெளியிட்டால் அதையும் திறந்தே வை என்பதுதான் 2012 முதல் இருக்கும் உரிமத்தின் சாரம். அந்த ஒரு வரியை மூலையிலிருந்து வெட்டிவிட்டு "ஆதாரம்: எங்கள் ஆய்வு" என்று போட்டிருக்கிறார்கள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: அந்தப் படத்தில் டண்டாலே பகுதியில் ஒரு வடிகால் வளைந்து வந்து ஒரு வீட்டுச் சுவரில் முட்டி நின்றுவிடும். பார்த்தால் யாரோ பாதியில் விட்டுவிட்டுப் போனது போல இருக்கும். இல்லை. கால்வாய் மேலேயே ஓர் அறையை இழுத்துக் கட்டிவிட்டார்கள், தண்ணீருக்கு அதற்கு மேல் வழி கிடையாது. செயற்கைக்கோள் படத்தில் வெறும் தகரக் கூரைதான் தெரியும். அதைக் கண்டுபிடித்தது ஒரு கல்லூரி மாணவி. சேற்றில் இறங்கி, டேப் பிடித்து அகலமும் ஆழமும் அளந்து, கையைத் துடைத்துக்கொண்டு போனில் ஏற்றினாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த வீட்டு அம்மா வெளியே வந்து, போன மழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் கையை வைத்துக் காட்டினார். அவர் நெஞ்சு உயரம். அதுவும் வரைபடத்தில் ஏறியது. இதுதான் ஐயா உங்கள் "எங்கள் ஆய்வு".

பொழுதுபோக்காம். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது தலைநகர் போர்ட்டோ பிரின்ஸின் விவரமான தெரு வரைபடம் பொதுவெளியில் கிடையாது. உலகெங்கும் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்தவர்கள்தான் சில வாரங்களில் அதை உருவாக்கினார்கள். மீட்புக் குழுக்கள் அதைத்தான் ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிக்கொண்டு போயின. கென்யத் தலைநகர் நைரோபியின் கிபெரா, அத்தனை ஜனம் நெருக்கியடித்து வாழும் இடம், வரைபடத்தில் வெற்றிடமாகக் கிடந்தது. 2009-இல் அந்த ஊர் இளைஞர்களே நடந்து நடந்து வரைந்தார்கள். காத்மாண்டுவில் உள்ளூர்ப் பிள்ளைகள் 2015 நிலநடுக்கத்துக்கு முன்னாலேயே பள்ளிக்கூடங்களையும் மருத்துவமனைகளையும் பதிந்து வைத்திருந்தார்கள். அந்த ஏப்ரலில் நானும் ராத்திரி ராத்திரியாக நேபாள மலைக்கிராமங்களை வரைந்தேன். படத்தில் கூரையின் நாலு மூலையைக் கிளிக் செய்ய வேண்டும், கீபோர்டில் க்யூ பட்டனைத் தட்டினால் சதுரமாகும், ஒரு வீடு. வைக்கோல் போரா கூரையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பார்த்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம். ரொம்ப ஜாலியான பொழுதுபோக்கு.

"யார் வேண்டுமானாலும் மாற்றலாமே, தரம் என்ன ஆவது?" இதோ வந்துவிட்டது. யார் மாற்றினார்கள், எப்போது, எதை என்று ஒவ்வொரு திருத்தமும் பதிவில் நிற்கிறது. தவறென்றால் இன்றைக்கே திருத்தலாம். உங்கள் பிடிஎஃப் அறிக்கையில் தவறிருந்தால் எங்கே போய்த் திருத்துவது?

"காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேருக்கு ஒரு சப்போர்ட் உண்டு தம்பி" என்று பழைய நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணே, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒரு நகராட்சி அலுவலகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். திட்டம் நடந்தவரை உரிமக் கட்டணத்தைத் திட்டமே கட்டியது. திட்டம் முடிந்தது, உரிமமும் முடிந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தால் புதுப்பிக்கச் சொல்லி ஒரு பெட்டி வந்து நிற்கிறது. உள்ளே அவர்கள் ஊரின் குழாய் வரைபடம். அந்த இன்ஜினியர் எங்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, பீரோவிலிருந்து பழைய காகித வரைபடத்தை எடுத்து விரித்தார். அன்று மாலை அதே மெஷினில் க்யூஜிஐஎஸ் போட்டோம். 2002-இல் தொடங்கிய வரைபட மென்பொருள், இலவசம். திட்டத்தின் கோப்புகளில் பெரும்பாலானவை அதில் திறந்துகொண்டன. இலவசம் என்றாலே ஓட்டுக்குக் கொடுக்கும் மிக்சி, கிரைண்டர் போலத்தான் பார்ப்போம் என்றால் நான் என்ன செய்ய? நாசா ஏவிய லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்கள் 2008 முதல் இலவசம்தான். ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து மீட்டர் துல்லியத்தில் எடுப்பதும் இலவசம்தான். அவையும் பொழுதுபோக்கா?

பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். போர் நடக்கும் இடத்தில் அகதிகள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாக்கடை எங்கே ஓடுகிறது என்பதில் என்ன ரகசியம்?

"பெரிய கம்பெனிகள் கொடுக்கும் வரைபடம் போதாதா?" போதுமென்று ஒரு காலத்தில் உலக வங்கியே நினைத்தது. 2012 ஜனவரியில் கூகுளுடன் ஓர் ஒப்பந்தம், மக்களே வரைபடம் வரையும் அவர்களுடைய மேப் மேக்கர் என்ற கருவிக்காக. மக்கள் வரைந்து கொடுக்க வேண்டியது, உரிமை மட்டும் கம்பெனிக்கு. பலரும் சத்தம் போட்டபின், மக்களிடம் திரட்டும் தரவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று வங்கி விளக்கம் கொடுத்தது. 2017-இல் மேப் மேக்கரையே மூடிவிட்டார்கள். கம்பெனிக்கு வேறு வேலை வந்துவிட்டது, அவ்வளவுதான். டண்டாலே வடிகால் மட்டும் இன்னும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருக்கிறது. வெட்டி எடுத்துக்கொள்ள வசதியாக.

நான் சொல்வது ஒன்றே ஒன்று, திரும்பத் திரும்ப அதைத்தான் சொல்கிறேன். ஒரு ஊருக்கு உதவி என்ற பெயரில் வந்த பணத்தில், அந்த ஊர்க்காரர்களைக் கேட்டுச் சேர்த்த தரவு, அந்த ஊர்க்காரர் திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். பளபள தாளில் அச்சடித்த அறிக்கையாக வேறொரு நாட்டு அலமாரியில் இருந்தால் அந்த அம்மாவுக்கு என்ன லாபம்? டெண்டரில் இரண்டு வரி போதும்: கோப்புகளைத் திறந்த வடிவத்தில் கொடு, சேர்த்தவர்களின் பெயரைப் போடு. இந்த இரண்டு வரியை எழுத ஏன் இத்தனை பேருக்குக் கை வரமாட்டேன் என்கிறது?

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த மாணவிக்கு அன்றைக்குக் கிடைத்தது பஸ் காசும் மதியச் சாப்பாடும். நிபுணருக்கு ஒரு நாளைக்கு என்ன கட்டணம் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவள் இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். அனுபவச் சான்றுக்குக் கடிதம் வேண்டுமென்று கேட்டாள், எழுதிக் கொடுத்தேன். அவள் அளந்த கால்வாயை அவர் விற்கிறார், அவளுக்கு அனுபவம் போதாது என்று பதில் வருகிறது.

இதற்கும் கீழே வந்து "உனக்குப் பொறாமை" என்று யாராவது எழுதத்தான் போகிறீர்கள். ஆமாம், பொறாமைதான். எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அந்த வரியை ஏன் வெட்டினார்கள் என்பதற்கும் ஒரு பதில் போட்டுவிடுங்கள்.