ஸ்டேஷன் பின்னால் நிற்கிற பொலீரோவை நர்ஸ் சேச்சிக்குக் கொடுங்கள்

போன வருஷம் ஆடி மாதம். கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம், மூடிப் பல வருஷம் ஆன ஒரு எஸ்டேட்டின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், எங்கள் அத்தை படுத்த படுக்கையாகக் கிடந்தார். கோட்டயம் மெடிக்கல் காலேஜில் பார்த்து, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மூத்திர டியூப் அடைத்துக்கொண்டது. பாலியேட்டிவ் நர்ஸ் சேச்சிக்கு, அதாவது குணமாகாத நோயாளிகளை வீட்டுக்கே வந்து வலி குறைத்துப் பார்க்கிறவருக்கு, போன் போட்டால், "மோனே, வாடகை ஜீப் வேற ஓட்டத்துக்குப் போயிருக்கு, நாளைக்கு எப்படியாவது வர்றேன்" என்றார். ராத்திரி முழுக்க அத்தை துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தார். சத்தம் போடவில்லை. லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே சுவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காலையில் பரீட்சை.

மறுநாள் சேச்சி பஸ்ஸில் முக்கு வரைக்கும் வந்து, அங்கிருந்து தேயிலைக் காட்டுக்குள் கல் பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் ஏறி வந்தார். பிளாஸ்டிக் கூடைக்குள் டியூப், கையுறை, பஞ்சு, மார்பின் மாத்திரை, எல்லாவற்றையும் ஒரு உரச்சாக்கால் மூடியிருந்தார். கூடை நனையவில்லை, சேச்சி முழுக்க நனைந்திருந்தார். டியூப் மாற்ற ஆனது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்காக அத்தை பதினாறு மணி நேரம் காத்துக் கிடந்தார்.

அன்றைக்கே மருந்து வாங்க டவுனுக்கு இறங்கியபோதுதான் அந்த வண்டியைப் பார்த்தேன். எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை, எல்லா ஊரிலும் ஒன்று நிற்கிறது. போலீஸ் பொலீரோ. நாலு டயரிலும் காற்றில்லை, முன் பம்பருக்குள் உண்ணிச்செடி முளைத்து பூ பூத்திருக்கிறது, பின்பக்கம் எதிரெதிரே போட்ட சீட்டில் பாதி ரெக்சின் கிழிந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது. இரண்டு வருஷம் முன்னால் வரைக்கும் இதே வண்டி எங்கள் மேட்டில் ராத்திரி ரோந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கியரில் சிரமமில்லாமல் ஏறும்.

என் வாதம் ஒன்றுதான். போலீஸ் வண்டியை ஓடுகிற நிலைமையில் இருக்கும்போதே கண்டம் பண்ணி, அதாவது இலாகா கணக்கிலிருந்து கழித்து, வீட்டுக்கு வீடு போய் நோயாளிகளைப் பார்க்கிறவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். செத்த பிறகு கொடுப்பது தானம் ஆகாது.

ஏன் அவசரம் என்றால், 2023 ஏப்ரல் 1-லிருந்து ஒரு விதி இருக்கிறது. அரசு வாகனம் பதிவு பண்ணி 15 வருஷம் முடிந்துவிட்டால் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றை, புதுப்பிக்க முடியாது, அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்துக்குப் போயாக வேண்டும். ராணுவத்துக்கும், சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் உள்ள கவச வண்டி மாதிரியான சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. ஆனால் தனியார் பெயரில் இருக்கிற வண்டிக்கு 15 வருஷம் முடிந்தாலும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற ஜீப்புகளைப் பாருங்கள், அதில் பாதி வண்டி என் வயசுக்குப் பக்கத்தில் இருக்கும். மலைக்காரன் ஒரு ஜீப்பை அத்தனை சீக்கிரம் காயலான் கடைக்கு அனுப்ப மாட்டான். அதனால் அரசாங்கம் 15 வரைக்கும் வைத்திருந்து உடைக்கக் கொடுப்பதற்குப் பதில், பத்து பதினொரு வருஷத்திலேயே ஒரு டிரஸ்ட் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் அந்த வண்டிக்கு இன்னொரு ஆயுசு இருக்கிறது.

என் சித்தப்பா தேனிப் பக்கம் போலீஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவரிடம் இதைச் சொன்னதும் உடனே தலையாட்டவில்லை. "ஏப்பா, மீட்டரைப் பார்த்து ஏமாந்துறாத. போலீஸ் வண்டி நின்ன இடத்துலயே ராத்திரி பூரா என்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும், அது கிலோமீட்டர்ல வராது. ஒரே வண்டிய ஆறு டிரைவர் ஓட்டுவான், ஆறு பேரும் ஆறு விதமா கிளட்ச் மிதிப்பான்" என்றார். அமெரிக்காவில் போலீசுக்கென்று ஃபோர்டு செய்கிற கார்களில் என்ஜின் சும்மா ஓடிய நேரத்தைக் காட்டவே தனி மீட்டர் இருக்கிறது, விஷயம் அத்தனை முக்கியம். நம்மிடம் அது இல்லை, அதனால் வாங்குகிறவர் தன்னோடு ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப்போய் கிளட்ச், ஸ்பிரிங் பிளேட்டு, அடித்தகட்டின் துரு, செல்ஃப் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார், அது என்னைத் தூங்கவிடவில்லை. ஓசியில் வந்த வண்டிதான் ரொம்பச் செலவு வைக்கும் என்றார். உண்மை. டீசல் யார் போடுவது, இன்சூரன்ஸ் யார் கட்டுவது, நாலு டயர் மாற்றினால் அந்த மாசம் நோயாளிக்கு மருந்து வாங்க என்ன மிஞ்சும்? அதனால் கொடுக்கிறவர்கள் சாவியை மட்டும் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு போகக் கூடாது. புது டயர் போட்டு, ஒரு வருஷ இன்சூரன்ஸ் கட்டி, ஒரு முழு சர்வீஸ் பண்ணிக் கொடுக்க வேண்டும். அது முடியாதென்றால் தயவுசெய்து ஏலம் விட்டு, வருகிற பணத்தைக் கொடுங்கள். அமெரிக்காவில் பழைய காரைத் தருமத்துக்குக் கொடுக்கிற பழக்கம் பெரிய அளவில் இருக்கிறது, அங்கேயும் வாங்குகிற அமைப்பு பெரும்பாலும் காரை விற்றுப் பணமாக்கித்தான் செலவு செய்கிறது. ஒரு காலத்தில் கொடுத்தவர்கள் ஓட்டை வண்டிக்குப் பெரிய விலை போட்டு வரிச்சலுகை வாங்கினார்கள். 2004-ல் சட்டத்தைத் திருத்தி, 500 டாலருக்கு மேல் சலுகை கேட்டால், பொதுவாக அந்த அமைப்பு விற்ற விலைக்குத்தான் சலுகை என்று ஆக்கிவிட்டார்கள். சரியான காரியம்.

ஆனால் எங்கள் மலையில் பணத்தைவிட வண்டிக்குத்தான் மதிப்பு. காசு கையில் இருந்தாலும் சீசன் நேரத்தில் ஜீப் கிடைக்காது, டூரிஸ்ட்காரர்கள் கொடுக்கிற வாடகையை எங்களால் கொடுக்க முடியாது. 2008-லேயே பாலியேட்டிவ் சிகிச்சைக்கென்று கொள்கை அறிவித்த மாநிலம் கேரளம், நாட்டிலேயே முதல் மாநிலம். மலப்புறம் பக்கம் கடைக்குக் கடை உண்டியல் வைத்துச் சில்லறை சேர்த்து இந்த வேலையை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கே வந்து பார்க்கிற ஏற்பாடு இங்கே இருக்கிறது, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அந்த ஏற்பாடு கடைசி ஒன்றரை கிலோமீட்டரில்தான் தடைப்பட்டு நிற்கிறது.

சிலர் கேட்கிறார்கள், ஸ்டேஷனில் அத்தனை வண்டி துருப்பிடித்துக் கிடக்கிறதே, எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தால் என்ன என்று. அதில் நிறைய வழக்குச் சொத்து, அதாவது வழக்கில் பிடித்து வைத்த வண்டி, கோர்ட் உத்தரவில்லாமல் யாரும் தொட முடியாது. அதைக்கூட ரொம்ப நாள் போட்டுவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியாகிவிட்டது, ஆனால் அது தனிச் சண்டை. நான் கேட்பது போலீஸ் இலாகாவின் சொந்த வண்டி.

ஆம்புலன்ஸாக மாற்றலாமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேண்டாம். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019-ல் கேரள வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆம்புலன்ஸுக்குத் தனித் தரவிதியும் இருக்கிறது. எங்களுக்கு அது தேவையும் இல்லை. நர்ஸ், ஒரு கூடை, ஒரு காற்றுப்படுக்கை, ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் ஏறினால் போதும். பின்சீட்டு அப்படியே இருக்கட்டும்.

பெயிண்ட் மட்டும் ஒழுங்காக மாற்ற வேண்டும். சைரன், வயர்லெஸ், போலீஸ் எழுத்து எல்லாம் போக வேண்டும், மேல் பூச்சுக்கு அடியில் பழைய எழுத்து மங்கலாகக்கூடத் தெரியக் கூடாது. இது அழகுக்காகச் சொல்வதில்லை. லயத்துக்குப் போலீஸ் ஜீப் வந்தால் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடும், பெரியவர்கள் வாசலுக்கு வந்து யாருக்கு என்ன ஆச்சோ என்று நிற்பார்கள். வலியில் கிடக்கிறவர் அந்த நடுக்கத்தோடு நர்ஸைப் பார்க்கக் கூடாது. தமிழ்நாட்டு வண்டியைக் கொடுப்பதாக இருந்தால் என்.ஓ.சி.யையும் (தடையில்லாச் சான்று) சேர்த்து வாங்கிக் கொடுங்கள். 12 மாசத்துக்கு மேல் கேரளத்தில் ஓடினால் இங்கே மறுபதிவு பண்ணியாக வேண்டும், குமுளி செக்போஸ்ட்டுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் அலைய நர்ஸ்மாருக்கு நேரம் கிடையாது.

அத்தை கார்த்திகையில் போய்விட்டார். சேச்சி அதற்குப் பிறகும் அதே மேட்டில் இன்னும் மூன்று வீட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறார், அதே கூடையோடு.

வார்டு கிராம சபையில் வைக்க மனு எழுதியிருக்கிறோம், மலையாளத்திலும் தமிழிலும். கையெழுத்துப் போடத் தயாராக இருப்பவர்கள் கீழே சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன். இலாகாவிலோ ஆர்.டி.ஓ. ஆபீசிலோ வேலை பார்த்தவர்கள் மனுவை ஒரு தடவை படித்துத் திருத்திக் கொடுத்தால் உதவியாக இருக்கும். டிரைவர் யார் என்று சபையில் கண்டிப்பாகக் கேட்பார்கள். சித்தப்பா நேற்று ராத்திரி அவராகவே போன் போட்டு, "செவ்வாயும் வெள்ளியும் நான் வந்து ஓட்டுறேன்னு எழுதிக்க, லைசென்ஸ் நம்பர் அனுப்புறேன்" என்றார்.