ஆற்றை ஆழப்படுத்த வேண்டாம், சின்னப் படகை விடுங்கள்

டெல்லிக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. மயூர் விகாரில் வீடு, கன்னாட் பிளேஸ் பக்கம் வேலை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை மெட்ரோவில் யமுனையைக் கடக்கிறேன். மெட்ரோ ஜன்னலில் அரை நிமிஷம் தெரிவதுதான் இத்தனை நாளும் எனக்குத் தெரிந்த யமுனை. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக அதன் மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து மனதில் கிடப்பதை எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் அப்பா. ஸ்ரீவைகுண்டத்துக்காரர். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு எங்கள் ஊரில்தான் இருக்கிறது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தவர், இரண்டாம் நாளே கேட்டார்: "இத்தன வருசமா ஆத்தங்கரையில குடியிருக்க. ஒரு நாள் எறங்கிப் பாத்ததில்லையாம்மா?" இல்லை என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

காஷ்மீரி கேட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தால் யமுனா பஜார் படித்துறைகள். குளிர்காலத்தில் விடியற்காலையிலேயே அங்கே கூட்டம் சேர்ந்துவிடும். மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வரும் கடற்காகங்களைப் படம் பிடிக்க வருகிறவர்கள். படகுக்காரர்கள் பெரும்பாலும் மல்லா சமூகத்தார், பரம்பரையாக இதே தொழில். எங்கள் படகுக்காரருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அப்பாவை பாபுஜி என்று கைபிடித்து ஏற்றிவிட்டார்.

தட்டை அடி வைத்த மரப்படகு. இரண்டு துடுப்பு, அப்புறம் ஓரமாக ஒரு நீளமான மூங்கில் கழி. கொஞ்ச தூரம் துடுப்புப் போட்டார். ஓர் இடத்தில் துடுப்பின் நுனி மண்ணைத் தொட்டது. சட்டென்று எழுந்து நின்று கழியை ஊன்றித் தள்ள ஆரம்பித்தார். ஆற்றின் நடு அது. அப்பாவுக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை. "அந்தக் கழியக் கொஞ்சம் கேளும்மா" என்றார். கேட்டேன். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அப்பா கழியை மெதுவாக இறக்கினார். அடி தட்டும் வரை ஒரு கணக்கு, தட்டிய பிறகு அழுத்தி இன்னொரு கணக்கு. தண்ணீர் என்று பார்த்தால் அவருடைய முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும். அதற்குக் கீழே கழி இன்னும் ஒரு முழம் தானாக இறங்கியது. இழுத்தபோது வரமாட்டேன் என்றது. விடுவித்த இடத்தில் குமிழ் குமிழாகக் கிளம்பி, அழுகிய முட்டை வாடை வந்தது. கழியின் அடிப்பகுதியில் வண்டி மை மாதிரிக் கறுப்பாக ஒட்டியிருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "மேல எங்கயோ அண கட்டிருக்கானோ?"

கழியைப் போட்டுப் பார்த்து ஒருத்தர் கண்டுபிடித்த விஷயம் இது. நான் பத்தொன்பது வருஷமாகச் செய்தித்தாள் படிக்கிறேன். நுரை பொங்கிய படம் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

ஆமாம், மேலே அணை இருக்கிறது. ஹரியானாவில் ஹத்னிகுண்ட் அணையில் மேற்குக் கால்வாய், கிழக்குக் கால்வாய் என்று இரண்டு பக்கமும் தண்ணீர் பிரிந்துவிடும். மிச்சம் வருவதை டெல்லிக்குள் வஜீராபாத் அணையில் தேக்கிக் குடிநீருக்கு எடுத்துக்கொள்கிறோம். அதற்குக் கீழே, மழை இல்லாத மாதங்களில், ஆற்றுக்கென்று நல்ல தண்ணீர் அநேகமாக விடப்படுவதில்லை. அணையைத் தாண்டியதுமே நஜப்கர் வாய்க்கால் வந்து கலக்கிறது. அதுவும் ஒரு காலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த சாகிபி என்கிற ஆறுதான். இன்றைக்கு நகரத்தின் பெரிய சாக்கடை. வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டர். 1376 கிலோமீட்டர் ஓடுகிற ஆற்றில் இது இரண்டு சதவீதம் கூட இல்லை. மாசில் பெரும்பங்கு சேருவது இந்தத் துண்டில்தான். நாங்கள் படகில் உட்கார்ந்திருந்தது அதன் மேல்தான்.

அப்பாவுக்கு இதை விளக்கியபோது அவர் ஆச்சரியப்படவில்லை. அணைக்குக் கீழே ஆறு எப்படி இருக்கும் என்பது ஸ்ரீவைகுண்டத்துக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 2016-ல் வந்த தேசிய நீர்வழிச் சட்டத்தில், ஜகத்பூரிலிருந்து பிரயாக்ராஜ் சங்கமம் வரை யமுனைக்கு 110 என்று எண் கொடுத்து நீர்வழியாக அறிவித்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் சோனியா விகாரிலிருந்து ஜகத்பூர் வரை சொகுசுப் படகு விட ஒப்பந்தமும் ஆனது. அந்த இடம் வஜீராபாத் அணைக்கு மேலே, தண்ணீர் தேங்கி நிற்கிற பகுதி. அங்கே ஓடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பெரிய படகு என்று ஒன்று வந்துவிட்டால் அடுத்து என்ன கேட்பார்கள்? கீழேயும் விடலாமே, கொஞ்சம் தூர்வாரினால் போதுமே என்றுதான் கேட்பார்கள். இதைத்தான் நான் முழு மனதோடு எதிர்க்கிறேன்.

ஆழம் குறைவாக இருப்பது ஆற்றின் குறை இல்லை. சமவெளியில் மணல் மேல் பரந்து ஓடுகிற ஆறு, மழைக்காலத்தில் விரியும், பனிக்காலத்தில் திட்டுத் திட்டாக மணல் காட்டும். அந்த மணல்தான் தண்ணீரைக் குடித்து நிலத்தடிக்கு இறக்குகிறது. பல்லா பக்கம் ஆற்றங்கரை ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வருவது இதனால்தான். குறை எங்கே என்றால், ஓடவேண்டிய தண்ணீர் ஓடவில்லை, வரக்கூடாதது வருகிறது. அதைச் சரிசெய்யாமல் அடியைத் தோண்டினால் பல வருஷமாகப் படிந்த விஷம் கலங்கி மேலே வரும். பள்ளத்தில் தேங்கப்போவதும் சாக்கடைதான். விசைப்படகுக்கும் இது தோதான இடம் இல்லை. நாங்கள் போன ஒரு மணி நேரத்தில் ஆகாயத்தாமரை வேரும், சாமிக்குப் போட்ட சிவப்புத் துணியும், பிளாஸ்டிக் பையும் துடுப்பில் மாறி மாறிச் சுற்றின. படகுக்காரர் கையால் எடுத்துப் போட்டார். விசைப்படகின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றினால் எடுக்க முடியுமா?

கழி போட்டுத் தள்ளுகிற படகுக்கு ஓர் அடி தண்ணீர் போதும். ஆறு இருக்கிற நிலையில் அது ஓடும். மணல் திட்டில் தட்டினால் இறங்கித் தள்ளலாம், தண்ணீர் ஓடுகிற அடுத்த கிளையைத் தேடலாம். எல்லாவற்றையும் விட, அதில் உட்கார்ந்தால் ஆறு மூக்குக்கு நேரே இருக்கிறது. இரும்புப் பாலத்துக்கு அடியில் போனபோது தலைக்கு மேலே ரயில் போய்ப் படகே அதிர்ந்தது. 1860-களில் கட்டிய பாலம். வெள்ளம் வந்தால் நீர்மட்டம் அளப்பது இங்கேதான். 2023 ஜூலை 13-ம் தேதி 208.66 மீட்டர் வந்தது, அபாய அளவு 205.33. ஆறு ரிங் ரோட்டில் ஏறிச் செங்கோட்டைச் சுவர் வரை போனது. ஷாஜகான் கட்டியபோது அந்தச் சுவரை ஒட்டித்தான் ஆறு ஓடியது. அந்த 2023 வெள்ளத்தில் எங்கள் மயூர் விகார் சாலையோரம் முழுக்க, கரையில் விவசாயம் செய்தவர்கள் ஆடு மாடுகளோடு கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். தூணில் தண்ணீர் நின்ற இடத்தைப் படகுக்காரர் கழியால் தொட்டுக் காட்டப் பார்த்தார். கழி எட்டவில்லை.

அந்த வருஷம் ஜூன் மாதம்தான் மனோஜ் மிஸ்ரா காலமானார். வனத்துறை அதிகாரியாக இருந்து விருப்ப ஓய்வு பெற்று, 'யமுனா ஜியே அபியான்' (யமுனை வாழட்டும் இயக்கம்) தொடங்கி, வெள்ளச் சமவெளியில் கட்டடம் கட்டாதீர்கள் என்று கடைசி வரை போராடியவர். அந்தச் சமவெளியில் கட்டடம் கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015 தீர்ப்பு அவர் தொடுத்த வழக்கில் வந்தது. வெள்ளம் வருவதற்கு ஒரு மாதம் முன்பு போய்விட்டார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? வஜீராபாத்துக்கு மேலே ஒரு துறை, கீழே ஒரு துறை, இரண்டிலும் இந்தப் படகுக்காரர்களையே வைத்து, உயிர்காப்பு உடுப்பு கொடுத்து, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுங்கள். ஒரே நாளில் மேலேயும் கீழேயும் பார்க்கட்டும். ஆளுக்கு ஒரு கழி கொடுங்கள். இதைக் கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மூன்று மேஜை மாற்றி அனுப்பினார்கள். மூன்றாவது மேஜையில், குடும்பத்தோடு போக அந்தத் தண்ணீர் தகுதியில்லை என்றார்கள். எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. குளிக்கத் தகுதியில்லை என்பது உண்மைதான். தண்ணீரைத் தொடக்கூடாது, காலில் புண் இருந்தால் போகக்கூடாது, மழை பெய்த மறுநாள் போகக்கூடாது, வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதெல்லாம் சொல்லித்தரக் கூடியவை. பார்க்கவே வேண்டாம் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்று. படித்துறையில் பொட்டலம் பொட்டலமாக ஓமப்பொடி விற்கிறார்கள், பறவைக்குப் போட. தயவுசெய்து போடாதீர்கள். அவ்வளவு தூரம் பறந்து வந்த உயிருக்கு எண்ணெயும் உப்பும் தீனி இல்லை.

திரும்பும்போது பாலத்துத் தூண் ஓரம் பத்து, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கயிற்றில் காந்தம் கட்டித் தண்ணீரில் வீசிக்கொண்டிருந்தான். ரயிலிலிருந்து ஜனங்கள் ஆற்றுக்குப் போடும் காசை எடுக்கிறான். ஒவ்வொரு தடவையும் காந்தத்தில் கறுப்புச் சகதி அப்பிக்கொண்டு வந்தது. அதை விரலால் வழித்துவிட்டுக் காசைத் தேடினான். அப்பா படகை நிறுத்தச் சொல்லிவிட்டு, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டி, கை கழுவு என்று சைகை காட்டினார். அவன் வாங்கிக் குடித்துவிட்டான்.

அப்பா மாசிக்குத்தான் ஊருக்குப் போகிறார். அதற்குள் வஜீராபாத்துக்கு மேலேயும் ஒரு தடவை கழி போட்டுப் பார்க்க வேண்டுமாம். வருகிற ஞாயிறு சோனியா விகார் கரையில் படகு கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளோடு வர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். படகுக்கு நாலு பேர்தான்.