மூச்சு வந்தது, மூக்கு போனது

நேற்றிரவும் குழாயின் தாழ்ந்த வளைவில் தேங்கிக் கிடந்த நீர், நல்ல உறக்கத்தில் இருக்கும்போது களகளவென்று புறப்பட்டு நேராக என் மூக்கிற்குள் ஏறியது. சிபாப் கருவியோடு, அதாவது குழாயும் மாஸ்க்கும் வழியே இரவெல்லாம் மூக்கிற்குள் காற்றை ஊதும் கருவியோடு, படுப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தூக்கத்தில் மூச்சு நின்றுவிடக் கூடாதே என்று வாங்கிய கருவி, ஆளைப் படுக்கையிலேயே மூழ்கடிக்கப் பார்ப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

முதலில், காலையில் சிந்தினால் கைக்குட்டையில் ரத்தக்கீற்று தெரியும் அளவுக்கு மூக்கு வறண்டது. ஊதும் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரைக் கூட்டி வைக்கச் சொன்னார்கள்; கூட்டினேன். வெதுவெதுப்பான ஈரக்காற்று, குளிர்ந்த அறையில் கிடக்கும் குழாய் வழியே வந்தால் நீராக மாறும் என்பது கருவியைச் செய்தவர்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும், அதற்கென்றே சூடேறும் குழாயைத் தனியாக விற்கிறார்கள்.

எழுந்து உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றி, இருட்டில் குழாயைத் தலைக்குமேல் தூக்கி உதறி, மறுபடி மாட்டிப் பட்டையை இறுக்கிப் படுத்த பிறகுதான் தும்மல் வந்தது. மாஸ்க்குக்குள் தும்மியவர்களுக்கே அதன் சுகம் தெரியும். துடைத்துவிட்டுப் படுத்தால் இடது துளை அடைத்துக்கொண்டது. புரண்டு படுத்தால் அடைப்பும் என்னோடு புரண்டு வலப்பக்கம் வந்து சேர்ந்தது. மூக்கு அடைத்தால் வாய் தானாகத் திறக்கிறது. வாய் திறந்தால், மூக்கு வழியே ஊதப்படும் காற்று அப்படியே வாய் வழியாக வெளியேறிவிடுகிறது. மூச்சு விடும்போது மூக்கிற்குத் திரும்பக் கிடைக்க வேண்டிய ஈரம் கிடைக்காமல் உள்சவ்வு வறண்டு வீங்கி, அடைப்பு இன்னும் இறுகுகிறது. அதனால் வாய் இன்னும் அகலமாகத் திறக்கிறது. விடியும்வரை இதே திருவிழாதான்.

1981-ல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் இந்தச் சிகிச்சையை உலகுக்கு அறிவித்தபோதே காற்று மூக்கின் வழியாகத்தான் செலுத்தப்பட்டது. அதன் பிறகு கருவி சிறுத்தது, இரைச்சல் குறைந்தது, இரவில் எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்று கைப்பேசிக்கு அறிக்கை அனுப்பவும் கற்றுக்கொண்டது. மூக்கு என்ன ஆனது என்று மட்டும் அது இன்றுவரை ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. இன்று காலையும், காற்றுக் கசிவு சற்று அதிகம், மற்றபடி சிகிச்சை சிறப்பு என்று பாராட்டுத்தான் வந்தது. பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவது நின்றுவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. உறங்காமல் விழித்திருப்பதற்கு இப்போது மூக்கே போதுமே!

மருத்துவரிடம் முறையிட்டால், போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லிவிட்டு, உப்புநீர் ஸ்பிரே ஒன்றும் ஸ்டீராய்டு ஸ்பிரே ஒன்றும் எழுதித் தருகிறார். அது கிடக்கட்டும், அந்த ஸ்பிரே பெட்டிக்குள் இருக்கும் தாளை, ஒருமுறை விரித்தால் பிறகு எந்த ஜென்மத்திலும் அதே பெட்டிக்குள் அடங்காதபடி மடித்து வைக்கும் புண்ணியவான் யார்? அதிலுள்ள எழுத்தைப் படிப்பதற்குப் பூதக்கண்ணாடியையும் சேர்த்தே கொடுத்துத் தொலைத்தால் என்ன?